முகம் தெரியாதவருக்கு ஒரு கேம்: வாசகர் கேள்வி பதில்

கே: ஸ்டீம் (கணினி கேம் விற்கும் இணையக் கடை) குழுவில் பேசிப் பழகிய ஒருவருக்கு ஒரு கேம் வாங்கித் தர ஆசை. நேரில் பார்த்ததில்லை. முன்பெல்லாம் வாங்கி இன்வென்டரியில் (கணக்கில் உள்ள இருப்புப் பெட்டி) போட்டு வைத்து, தோன்றும்போது கொடுப்பேன். இப்போது அந்த வழியே கண்ணில் படவில்லையே?

ப: 2017 மே மாதத்தோடு அது போய்விட்டது, மின்னஞ்சலில் கிஃப்ட் அனுப்பும் வழியும் கூடவே போனது. இப்போது உங்கள் நண்பர் பட்டியலில் இருப்பவருக்கு மட்டுமே, நேரடியாகத்தான் அனுப்ப முடியும். ஸ்டீமில் இன்னும் 5 டாலர்கூடச் செலவழிக்காத கணக்கிலிருந்து நட்பு அழைப்பு அனுப்ப முடியாது. அவர் அப்படிப் புதியவர் என்றால் அழைப்பை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். பிறகு கேமை கார்ட்டில் போட்டு, 'என் கணக்குக்கு' என்றிருப்பதைப் 'பரிசு' என்று மாற்றி, நண்பரைத் தேர்ந்தெடுங்கள். பிறந்தநாள் போல ஒரு நாளுக்குக் குறித்தும் வைக்கலாம். அந்த கேம் அவரிடம் ஏற்கெனவே இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அவர் மறுத்தாலும் பணம் உங்களுக்கே திரும்பும்.

எந்த கேம் என்று குழம்ப வேண்டாம். அவருடைய விஷ்லிஸ்டை (வாங்க விரும்புபவற்றின் பட்டியல்) திறந்து பார்த்து வாங்குங்கள். விரிவாக்கம் (டிஎல்சி) வாங்கினால் மூல கேம் அவரிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் விரிவாக்கம் ஓடாது.

கே: நண்பராகச் சேர்த்தும் கிஃப்ட் போக மறுக்கிறது. அவர் வேறு நாட்டில் இருக்கிறார். என்ன தடை?

ப: விலைதான். ஒரே கேமுக்கு நாட்டுக்கு நாடு விலை வேறு. இரண்டு நாட்டு விலைக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் ஸ்டீம் அந்த கிஃப்டைத் தடுத்துவிடும். விலை குறைந்த நாட்டில் வாங்கி விலை கூடிய நாட்டுக்குக் கடத்தும் வியாபாரத்துக்குப் போட்ட பூட்டு அது. நல்லெண்ணத்தில் அனுப்புபவரும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார். விபிஎன் போட்டு நாட்டை மாற்றிக் காட்டப் போகாதீர்கள், உங்கள் கணக்கே முடங்கலாம். அவர் நாட்டு விலையோடு நெருக்கமாக இருக்கும் வேறொரு கேமைத் தேடுங்கள். இல்லாவிட்டால் டிஜிட்டல் கிஃப்ட் கார்டு அனுப்பலாம். அதற்கு நட்பாகி 3 நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

கே: பண்டில் (பல கேம் சேர்ந்த தொகுப்பு) வாங்கியதில் நாலைந்து கீ (கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) மிச்சம். குழுவில் அப்படியே போட்டுவிடலாமா?

ப: போட்டால் மனிதர் கண்ணில் படும் முன்பே பாட் (தானியங்கி நிரல்) எடுத்துக்கொள்ளும். கீ என்பது பெரும்பாலும் ஐந்தைந்தாக மூன்று தொகுதி, மொத்தம் 15 எழுத்து. நடுவில் ஒன்றை மறைத்துக் கேள்விக்குறி போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மறைந்த இடத்துக்கு எழுத்தும் எண்ணும் சேர்த்து 36 வாய்ப்புதானே, பாட் ஒவ்வொன்றாக முயன்றுவிடும். தவறான முயற்சி கூடினால் ஸ்டீம் சற்று நேரம் பூட்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பல கணக்கு வைத்திருக்கும் பாட்டுக்கு அது பெரிய தடையில்லை. ஒரே கணக்கோடு முயலும் நேர்மையானவர்தான் பூட்டில் சிக்குவார்.

எங்கள் யோசனை இது: கேமின் பெயரை மட்டும் சொல்லுங்கள், வேண்டும் என்பவர்கள் பதில் எழுதட்டும். ஒரு நாளாவது அவகாசம் கொடுங்கள், இல்லாவிட்டால் பூமியின் மறுபக்கத்தில் தூங்குபவருக்கு வாய்ப்பே இருக்காது. பிறகு பதில்களுக்கு எண் போட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, கீயைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். படமாக அனுப்ப வேண்டாம். பார்த்து அடிக்கும்போது Bயும் 8ம் போல இருப்பவை குழம்பும். சில கீகளுக்குக் கெடு தேதி உண்டு, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கே: கீ வேலை செய்யவில்லை என்கிறார் பெற்றவர். அவர் பொய் சொல்கிறாரா, நான் ஏமாற்றப்பட்டேனா?

ப: ஸ்டீம் காட்டிய செய்தியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். விடை அதில் இருக்கிறது.

'இந்த கேம் ஏற்கெனவே உங்களிடம் உள்ளது' என்றால் கீ செலவாகவில்லை, வேறொருவருக்குக் கொடுக்கலாம். 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வந்தாலும் அதேதான், கீ பத்திரமாக இருக்கிறது. நாட்டுப் பூட்டு மட்டுமே பிரச்சினை. 'வேறொரு கணக்கில் ஏற்கெனவே செயல்படுத்தப்பட்டது' என்றால் கதை முடிந்தது: யாரோ முந்திவிட்டார்கள், அல்லது உங்களுக்கு விற்றவர் ஒரே கீயை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார். 'முயற்சிகள் அதிகம்' என்பது பூட்டு. காத்திருந்து மறுபடி முயலலாம்.

வெளிக் கடையில் வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் திருப்பித் தராது. மலிவு விலைக்குக் கீ விற்கும் இடைத்தரகர்களிடம் வாங்கி அந்நியருக்குக் கொடுப்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். திருட்டு கார்டில் வாங்கிய கீ என்றால் வெளியீட்டாளர் ரத்து செய்துவிடுவார்; பெற்றவரின் லைப்ரரியிலிருந்து கேம் காணாமல் போகும், சங்கடம் உங்களுக்கு.

கே: கிஃப்டாக வந்த கேம் பிடிக்கவில்லை. திருப்பலாமா?

ப: ஸ்டீமில் நேரடியாக வந்த கிஃப்ட் என்றால் முடியும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டியவர் நீங்கள். பணம் போய்ச் சேர்வது கொடுத்தவருக்கு. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கே: நன்றிக்காக நல்ல விமர்சனம் எழுதினால் கேம் செய்தவருக்கு உதவுமா?

ப: எழுதுங்கள், ஆனால் இலவசமாகப் பெற்றேன் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். கீயில் செயல்படுத்தியவர்களின் விமர்சனத்தை 2016 முதலே ஸ்டீம் மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை.

கே: முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு கேம் தருவதாகச் சொல்லி லிங்க் அனுப்பி, 'உள்ளே லாகின் செய்து பெற்றுக்கொள்' என்கிறார். நம்பலாமா?

ப: வேண்டாம். உண்மையான கிஃப்ட் உங்கள் ஸ்டீம் செயலிக்கு உள்ளேயே அறிவிப்பாக வரும். 'ஏற்றுக்கொள்' என்று ஒரு அழுத்து, அவ்வளவே. லிங்கில் திறக்கும் பக்கம் ஸ்டீமின் லாகின் பக்கத்தை அச்சு அசலாகக் காட்டும், முகவரியில் மட்டும் ஓரெழுத்து மாறியிருக்கும். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொன்னாலும் அதே வலைதான்: நீங்கள் ஸ்கேன் செய்து ஒப்புக்கொண்டால் உள்ளே போவது அவர். ஏற்கெனவே பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் உடனே மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். நீங்கள் உருவாக்காத ஏபிஐ கீ (வெளி நிரல்கள் உங்கள் கணக்கை அணுகப் பயன்படும் குறியீடு) ஏதாவது கணக்கில் பதிவாகியிருந்தால் அதையும் நீக்குங்கள்.