'தி டெட்' கதையில் குழு சோர்ந்துவிட்டதா?

உங்கள் வாசிப்புக் குழுவில் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்சின் 'தி டெட்' கதையோடு தொடங்கியதில் விருந்துக் காட்சியிலேயே பாதிப் பேர் சோர்ந்துவிட்டார்கள், இனி ஐரிஷ் கதையே வேண்டாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள்மேல் தப்பில்லை. 1914இல் வந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்பின் 15 கதைகளில் அதுதான் கடைசி, மிக நீளமானதும் அதுவே.

அடுத்த முறை ஃபிராங்க் ஓ'கானரின் 'கெஸ்ட்ஸ் ஆஃப் தி நேஷன்' (1931) எடுங்கள். ஐரிஷ் விடுதலைப் போரில் பிடிபட்ட இரண்டு ஆங்கிலச் சிப்பாய்கள் காவலர்களோடு சீட்டாடிச் சிநேகமாகிவிடுகிறார்கள். அப்புறம் அவர்களைச் சுடச் சொல்லி உத்தரவு வருகிறது. கடைசிப் பகுதியை யாராவது சத்தமாக வாசிக்கட்டும். அந்தச் சிப்பாய்களில் ஒருவனான, கதை நெடுக அதிகம் பேசாத பெல்ச்சர், கண்ணைக் கட்டிக்கொள்ளத் தன் கைக்குட்டை போதாமல், காவலனிடமே இன்னொன்று கேட்டு வாங்குகிறான். மனம்விட்டுப் பேசுவதும் அப்போதுதான். ஏன் அப்போது? இந்தக் கேள்வியை மட்டும் நடுவில் வையுங்கள். 'கதையின் கரு என்ன' என்று ஆரம்பித்தால் எல்லாரும் பரீட்சைக்கு வந்ததுபோல் உட்கார்ந்துவிடுவார்கள்.

அதற்கடுத்து ஜாய்சின் 'எவலின்'. சில பக்கம்தான், கூட்டத்திலேயே வாசித்து முடிக்கலாம். காதலனோடு கப்பலேற வந்த எவலின், கப்பல் துறையில் ஏன் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டாள் என்பதில் கட்டாயம் கருத்து பிரியும். பிரியட்டும், நீங்கள் தீர்ப்பு சொல்லாதீர்கள். 'தி டெட்' சில மாதம் காத்திருக்கட்டும்.