பெர்த்தில் கடலோரமாக வாடகை வீடு: எந்தப் பக்கம், எவ்வளவு உள்ளே?

கேள்வி: 491 விசாவில் (அரசு குறித்த பிராந்தியப் பகுதிகளில் வாழ்ந்து வேலை செய்வதற்கான தற்காலிக விசா) குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போகிறோம். மனைவி செவிலியர். எனக்கு இன்னும் வேலை அமையவில்லை. மகளுக்கு 10 வயது, மகனுக்கு வரும் மே மாதம் 4 முடிகிறது. கடற்கரைக்குப் பக்கத்தில், வாடகை கட்டுப்படியாகிற இடத்தில் குடியிருக்க ஆசை. யாஞ்செப் மலிவு என்கிறார்கள் சிலர், ராக்கிங்ஹாம் என்கிறார்கள் வேறு சிலர். எதைத் தேர்ந்தெடுப்பது? போனதும் வீடு வாங்கிவிடலாமா?

பதில்: உங்கள் மனைவிக்கு எந்த மருத்துவமனையில் வேலை என்று உறுதியாகும்வரை எந்தப் புறநகரையும் முடிவு செய்யாதீர்கள். வடக்கே உள்ள யாஞ்செப்பும் தெற்கே உள்ள ராக்கிங்ஹாமும் ஒரே நகரத்தின் இரண்டு பேட்டைகள் போலக் காதில் விழும். ஆனால் பெர்த், வடக்கே டூ ராக்ஸிலிருந்து தெற்கே மாண்டுரா வரை கடலையொட்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒல்லியான ஊர். நடுவில் ஸ்வான் ஆறு குறுக்கே ஓடுகிறது. காலை நெரிசலில் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போவது என்று ஆகிவிட்டால், கடற்கரை பக்கத்தில் இருந்தும் அதைப் பார்க்கத் தெம்பு இருக்காது. ஜூண்டலப் மருத்துவமனை என்றால் வட கரை. மர்டாக்கில் உள்ள ஃபியோனா ஸ்டான்லி அல்லது ராக்கிங்ஹாம் பொது மருத்துவமனை என்றால் தென் கரை. இந்த ஒரு முடிவே பாதிப் பட்டியலை அடித்துவிடும்.

விசாவைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். 2019 நவம்பரிலிருந்து பெர்த் முழுவதும் 491 விசாவுக்கு உரிய பிராந்தியப் பகுதியாகக் கணக்கில் வருகிறது. வட கரையோ தென் கரையோ, விசா நிபந்தனை மீறப்படாது.

அடுத்தது, 'மலிவு' என்ற சொல். அங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். வாரம் 650 டாலர் என்றால் மாதம் 2,600 என்று மனக்கணக்குப் போடுகிறோம். ஆண்டுக்கு 52 வாரம், அதை 12 ஆல் வகுத்தால் மாதம் 2,817 டாலர். பட்ஜெட்டில் முதலில் விழும் ஓட்டை இதுதான். இரண்டாவது ஓட்டை, தூரத்தின் விலை. ஜூண்டலப்புக்கு அருகில் உள்ள கிளார்க்சனைவிட யாஞ்செப்பில் வாரம் 60 டாலர் குறைவாக ஒரு வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,120 டாலர் மிச்சம். ஜூண்டலப் மருத்துவமனைக்கு யாஞ்செப்பிலிருந்து போவதென்றால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் கூடுதல். தினம் 44, வாரம் ஐந்து நாள், ஆண்டுக்கு 48 வாரம் என்றால் 10,560 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் காரில், லிட்டர் 1.80 டாலர் என்று கொண்டால் எரிபொருளுக்கு மட்டும் 1,520 டாலர். மிச்சத்தில் பாதி அங்கேயே போயிற்று. டயர், சர்வீஸ், நீங்களும் வேலைக்குக் கிளம்பும்போது தேவைப்படும் இரண்டாவது கார் எல்லாம் இதற்கு மேல்.

ரயில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல ரயில். வடக்குப் பாதை 2024 ஜூலையில் பட்லரிலிருந்து அல்கிமோஸ், எக்லின்டன் வழியாக யாஞ்செப் வரை நீண்டது. யாஞ்செப்பிலிருந்து நகர மையத்துக்குச் சுமார் 50 நிமிடம். கட்டணத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் தூரத்துக்காகக் கூடுதல் காசும் கிடையாது. அலுவலக நேர வேலைக்கு இது போதும். செவிலியருக்குப் போதாது. காலை 7 மணி ஷிஃப்ட் ஞாயிற்றுக்கிழமையும் வரும், இரவு ஷிஃப்டும் வரும். பெர்த்தின் பொதுப் போக்குவரத்து அமைப்பான டிரான்ஸ்பெர்த்தின் பயணத் திட்டப் பக்கத்தில் 'ஞாயிறு, காலை 6.45க்குப் போய்ச் சேர வேண்டும்' என்று போட்டுப் பாருங்கள். என்ன வழி காட்டுகிறதோ அதை வைத்துத்தான் வீட்டின் தூரத்தை முடிவு செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று பலருக்கு வந்திறங்கிய பிறகுதான் தெரிகிறது. 491 விசாக்காரர்களுக்குக் குழந்தைக் காப்பகக் கட்டணத்தில் அரசு மானியம் கிடையாது. முழுத் தொகையும் கையிலிருந்து போகும். அரசுப் பள்ளியின் கிண்டர்கார்ட்டன் வாரத்துக்கு 15 மணி நேரம்தான். மீதி நேரம் மகனை யார் பார்ப்பது? நீங்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய பின் பயணத்துக்கு ஆகும் ஒவ்வொரு மணியும் காப்பகத்துக்குக் கட்டும் மணி. கடைக்கோடிப் புறநகரின் மலிவு வாடகை சிறு குழந்தை உள்ள வீட்டில் கட்டுப்படியாகாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, கடலுக்கு எவ்வளவு பக்கம்? வட கரையில் மார்மியன் அவென்யூ என்ற பெரிய சாலை கடலுக்கு இணையாக டிரிக்கிலிருந்து யாஞ்செப் வரை ஓடுகிறது. உள்ளூர்க்காரர்கள் வீட்டின் மதிப்பைச் சொல்வதே 'மார்மியனுக்கு மேற்கே, கிழக்கே' என்றுதான். மேற்கே கடல் பக்கம், விலை கூடுதல். கிழக்கே ரயில் நிலையப் பக்கம், விலை குறைவு. உங்களைப் போன்ற குடும்பம் முதல் ஆண்டில் தேட வேண்டியது கிழக்கே, ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில். கடல் அங்கிருந்தும் காரில் ஐந்து, பத்து நிமிடம்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அது வேகமாக வண்டிகள் போகும் சாலை. மகள் தனியாகப் பள்ளிக்கு நடப்பாள் என்றால், பள்ளியும் வீடும் சாலையின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் வரிசை வீட்டின் மேல் ஆசைப்படுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். கோடையில் காலையில் கிழக்கிலிருந்து தரைக்காற்று வீசும், கடல் தட்டையாக இருக்கும். நண்பகலை ஒட்டித் தென்மேற்குக் கடல்காற்று எழும்பும். 'ஃபிரீமேண்டில் டாக்டர்' என்று அதற்குச் செல்லப் பெயர். வெயிலை ஆற்றும் வரம்தான், ஆனால் மணலை வாரி முகத்தில் அடிக்கும். பள்ளி விட்டதும் பிள்ளைகளோடு மணலில் உட்காரலாம் என்று கனவு காண்கிற மாலை 4 மணிதான் காற்றுக்கு உச்ச நேரம். குளிக்க வேண்டிய நேரம் காலை 10 மணிக்கு முன். அப்படியானால் கடற்கரை வார இறுதிக் காலையின் சமாசாரம். அதற்காக வாரம் முழுவதும் கடலோர வாடகை கொடுப்பதில் அர்த்தமில்லை.

வட கரையில் எங்கள் பரிந்துரை கிளார்க்சன், பட்லர் நிலையங்களைச் சுற்றிய பகுதி. மிண்டாரி, குவின்ஸ் ராக்ஸ் கடற்கரைகள் அருகில். ஜூண்டலப்புக்குச் சில நிலையங்கள்தான். கடைகளும் பள்ளிகளும் ஏற்கெனவே ஊன்றிவிட்டன. அல்கிமோஸ், எக்லின்டன், யாஞ்செப் புதிது. வீடு பளபளப்பாக இருக்கும். மரம் இருக்காது, பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கும், அந்த மணல் காற்றில் வீட்டுக்குள் வரும். பள்ளியில் இடம் போதாமல் தற்காலிக வகுப்பறைகளை இறக்கி வைத்திருப்பதும் புதுப் பகுதிகளில் வழக்கம். யாஞ்செப்பைச் சுற்றிப் புதர்க்காடு. 2019 டிசம்பரில் அங்கே பெரிய காட்டுத்தீ வந்தது. முகவரியைக் காட்டுத்தீ அபாய வரைபடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தென் கரையில் ராக்கிங்ஹாம், சேஃப்டி பே, வைக்கிக்கி, வார்ன்ப்ரோ. நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு இந்தப் பக்கமே நல்லது என்று தயங்காமல் சொல்லலாம். கார்டன் தீவும் பெரோன் முனையும் அலையைத் தடுப்பதால் ராக்கிங்ஹாம் கரையில் தண்ணீர் பெரும்பாலும் குளம் போல நிற்கும். இன்னும் தெற்கே சீக்ரெட் ஹார்பர் அலைச்சறுக்குக் கடற்கரை, அங்கே இழுப்பு உண்டு. வடக்கே ஸ்கார்பரோ, டிரிக் இரண்டும் அப்படித்தான். யாஞ்செப் லகூன் பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் பாறைத்திட்டையொட்டி ஓடும் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். எந்தக் கடற்கரையானாலும் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள், கொடி இல்லாத நாளில் முழங்காலுக்கு மேல் வேண்டாம். பள்ளி விடுமுறையில் 'வேக்ஸ்விம்' என்ற அரசு நீச்சல் வகுப்புகள் நடக்கும். முதல் கோடையிலேயே மகளைச் சேர்த்துவிடுங்கள்.

தென் ரயில் பாதை 2007 டிசம்பரில் திறந்தது. ராக்கிங்ஹாமிலிருந்து நகர மையத்துக்குச் சுமார் 35 நிமிடம், மாண்டுராவிலிருந்து 50. ஆனால் ராக்கிங்ஹாம் நிலையம் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. சீக்ரெட் ஹார்பர், கோல்டன் பே, சிங்கிள்டன் ஆகியவற்றில் நிலையமே இல்லை. வார்ன்ப்ரோவுக்கோ லேக்லேண்ட்ஸுக்கோ பஸ்ஸில் அல்லது காரில் போக வேண்டும். விளம்பரத்தில் 'ரயிலுக்கு அருகில்' என்று இருந்தால் வரைபடத்தில் அளந்து பாருங்கள். கார்டன் தீவின் கடற்படைத் தளம் விரிவடைவதால் ராக்கிங்ஹாம் பக்கம் வாடகை வீடுகளுக்குப் போட்டி கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இருப்பது கடலோரத்தில் அல்ல. கேனிங் வேல், ஹாரிஸ்டேல், பியாரா வாட்டர்ஸ் என்று தென்கிழக்கே உள்ளே. பால முருகன் கோயில் மாண்டோகலப்பில், அதுவும் தெற்கே. ராக்கிங்ஹாமிலிருந்து காரில் அரை மணிக்குள் போகலாம், யாஞ்செப்பிலிருந்து ஒரு மணி நேரமாவது ஆகும். முதல் ஆண்டுத் தனிமை லேசான விஷயம் இல்லை, அதிலும் ஒருவர் வேலைக்குப் போய் ஒருவர் வீட்டில் இருக்கும்போது. வேலை எந்தப் பக்கமும் அமையலாம் என்றிருந்தால் இந்தக் காரணத்துக்காகவே தென் கரையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பள்ளிக்கு வருவோம். அரசுப் பள்ளி, தன் எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளையை ஆயத்த ஆண்டிலிருந்து (பிரீ-பிரைமரி, முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) கட்டாயம் சேர்க்கும். கிண்டர்கார்ட்டனுக்கு அந்த உறுதி இல்லை, இடம் இருந்தால்தான். வயதைக் கணக்கிடுவது ஜூன் 30 அன்று. மகனுக்கு மே மாதம் 4 முடிவதால் அந்தக் கல்வியாண்டிலேயே கிண்டர்கார்ட்டனுக்குத் தகுதி உண்டு, மறு ஆண்டு ஆயத்த வகுப்பு கட்டாயம். கிண்டர்கார்ட்டனில் சேர்க்கத் தடுப்பூசிப் பதிவு முழுமையாக இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். நம் அரசு அட்டவணையில் சின்னம்மைத் தடுப்பூசி இல்லை, அங்கே ஒரு வயதில் போடும் நான்கு வகை மெனிங்கோகாக்கல் கிருமிக்கு எதிரான (ACWY) தடுப்பூசியும் இல்லை. தடுப்பூசி அட்டையை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போன முதல் வாரமே உள்ளூர் மருத்துவரிடம் காட்டி, விட்டுப்போனதைப் போட்டு, தேசியப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

வீடு பிடிக்கும்போது மூன்று நான்கு வாரத்துக்குத் தற்காலிகத் தங்குமிடம் எடுத்துக்கொண்டு, நேரில் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் பணம் அனுப்பாதீர்கள். அங்கே வாடகை வரலாறு இல்லாதது உங்கள் பலவீனம். வேலை நியமனக் கடிதம், வங்கி இருப்பு, இப்போதைய வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் எழுதிய நற்சான்று மூன்றும் ஒரே கோப்பாகத் தயாராக இருந்தால் வீடு காட்டும் அன்றே விண்ணப்பிக்கலாம். வாரம் 1,200 டாலர் வரையிலான வாடகைக்கு டெபாசிட் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, முன்வாடகை இரண்டு வாரம். வாரம் 650 என்றால் சாவி வாங்க 3,900 டாலர் கையில் வேண்டும். 2024 ஜூலை இறுதியிலிருந்து விளம்பர வாடகைக்கு மேல் தரச் சொல்லி உங்களைத் தூண்டுவது அங்கே சட்டப்படி தவறு. வாடகையை 12 மாதத்துக்கு ஒரு முறைதான் உயர்த்தலாம்.

கடலோர வீட்டைப் பார்க்கும்போது சுவரின் பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். வெளியே நிற்கும் ஏசி யூனிட்டின் பின்பக்கத் தகடுகளை விரலால் தொட்டுப் பாருங்கள். உப்புக்காற்று தின்றிருந்தால் அவை உதிரும், ஏசி குளிர்விக்காது. கராஜ் கதவை ஒரு முறை தூக்கி இறக்கச் சொல்லுங்கள். ஓரத் தண்டவாளமும் சுருள்வில்லும் துருவேறியிருந்தால் கரகரவென்று சிக்கும். ஜன்னல் சட்டத்தில் உப்பும் மணலும் அடைத்திருக்கும், வலைக்கதவின் கீழ்விளிம்பு அரித்திருக்கும். குடிபுகுந்ததும் ஏஜென்ட் தரும் வீட்டு நிலை அறிக்கையை 7 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதில் இந்தத் துரு ஒவ்வொன்றையும் படத்தோடு எழுதுங்கள். எழுதாவிட்டால் காலி செய்யும்போது உங்கள் டெபாசிட்டில் கை வைப்பார்கள். வரவேற்பறை மேற்கு பார்த்திருந்தால் மாலை வெயில் நேராக உள்ளே வரும், மின்கட்டணம் அதற்கேற்ப ஏறும்.

வாங்குவதா? இப்போது வேண்டாம். 491 தற்காலிக விசா. 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தற்காலிக விசாக்காரர்கள் ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்கத் தடை, விதிவிலக்குகள் மிகக் குறைவு. புது வீடு வாங்க வழி உண்டு, ஆனால் பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு வீட்டு மதிப்பில் 7 சதவீதம் கூடுதல் முத்திரைத் தீர்வை விழும். நிரந்தர விசா கிடைத்தபின் வாங்கும்போது, மணல்மேட்டுக்கு அருகில் என்றால் பத்திரத்தில் கடலரிப்பு பற்றிய எச்சரிக்கைக் குறிப்பு ஏறியிருக்கிறதா என்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். குவின்ஸ் ராக்ஸ் கரையில் அரிப்பைத் தடுக்கக் கல் அணைகள் போட்டிருக்கிறார்கள். கடலரிப்பால் வரும் சேதத்தை வீட்டுக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை.

முதல் வாடகை ஒப்பந்தத்தை 6 மாதத்துக்குக் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் 12. கையெழுத்திடும் முன் அதே வீட்டு வாசலுக்கு இரண்டு முறை போங்கள்: வேலை நாளில் ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு முறை, காற்று எழும்பிய மாலை 4 மணிக்குப் பிள்ளைகளோடு ஒரு முறை.