சந்தா கட்டி ஆடும் கேம்கள்: எங்கே வாங்குவது, எப்படிக் கட்டுவது?

மாதச் சந்தா கேம்களைப் பற்றி வந்த கடிதங்களில் பாதி, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’, ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ இரண்டைத்தான் சுற்றுகின்றன. மீதி, பணம் எங்கே போனது என்ற புலம்பல். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பதில் எழுதியிருக்கிறோம்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆட ஆசை. கடையில் ஸ்டார்ட்டர் எடிஷன், கம்ப்ளீட் எடிஷன், டான்ட்ரெய்ல் என்று மூன்று பெட்டி காட்டுகிறார்கள். கூடவே மாதச் சந்தாவாம். எதை வாங்குவது?
– கல்லூரி மாணவர், கோவை

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

இந்த கேமுக்கு இலவச ட்ரயல் உண்டு. 2023 அக்டோபரிலிருந்து அதில் முதல் ஆட்டமும் ஹெவன்ஸ்வர்ட், ஸ்டார்ம்ப்ளட் என்ற இரண்டு விரிவாக்கங்களும் (பின்னால் வந்த கூடுதல் கதைப் பகுதிகள்) முழுசாகக் கிடைக்கின்றன. லெவல் 70 வரை ஏறலாம், நாள் கணக்கு எதுவும் இல்லை. இப்போது ஸ்டார்ட்டர் எடிஷன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: அதே முதல் ஆட்டம், அதே ஹெவன்ஸ்வர்ட், அதே ஸ்டார்ம்ப்ளட். அமெரிக்க விலையில் 19.99 டாலர் கொடுத்து வாங்கினால் கதையில் ஒரு வரிகூடக் கூடுதலாக வராது. 30 நாள் ஆட்ட நேரம் வரும், ட்ரயலின் கட்டுப்பாடுகள் விலகும், அவ்வளவுதான்.

அந்தக் கட்டுப்பாடுகள் என்னென்ன? கையிருப்பு 3,00,000 கில்லுக்கு (கேமுக்குள் புழங்கும் பணம்) மேல் போகாது. மார்க்கெட் போர்டு என்ற கேம் சந்தையில் வாங்கவோ விற்கவோ முடியாது. ஃப்ரீ கம்பெனி எனப்படும் குழுவில் சேர முடியாது. நீங்களாக பார்ட்டி எனப்படும் சிறு அணி அமைக்கவோ, ஒருவருக்கு டெல் எனப்படும் தனிச் செய்தி அனுப்பவோ முடியாது. தானாக ஆள் சேர்த்துத் தரும் டியூட்டி ஃபைண்டர் வழியாக முன்பின் தெரியாத ஆட்களோடு நிலவறைக்குப் போகத் தடையில்லை. கதைக்காக ஆடுகிறவருக்கு இதெல்லாம் பெரிய குறையே இல்லை.

ஆனால் ஒன்று. பெட்டியை வாங்கி அதிலுள்ள ரகசியக் குறியீட்டைப் பதிவு செய்த நிமிடமே ட்ரயல் முடிந்துவிடும், அதே கணக்கில் திரும்பி வராது. அதன்பின் சந்தா தீர்ந்தால் லெவல் 5 கதாபாத்திரத்தைக்கூடத் தொட முடியாது. “20 டாலர்தானே” என்று முதல் வாரமே வாங்கிவிட்டு, பரீட்சை வந்ததும் சந்தாவை நிறுத்தியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்டார்ம்ப்ளட் முடியும் வரை ட்ரயலிலேயே இருங்கள். பிங் (சர்வரோடு தகவல் போய்வர ஆகும் நேரம்) எப்படி இருக்கிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். இந்தியாவில் இதற்கு டேட்டா சென்டர் கிடையாது. ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, 2022 ஜனவரியில் திறந்த ஓசியானியா என நான்குதான். நான்கிலும் ஒவ்வொரு கதாபாத்திரம் உருவாக்கிப் பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும்.

வாங்கும் நாள் வரும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கடை என்பதைத்தான். முதல் பெட்டியை ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால் அதன் பிறகு வரும் ஒவ்வொரு விரிவாக்கத்தையும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டும். கேமைத் தயாரிக்கும் ஸ்கொயர் எனிக்ஸின் சொந்தக் கடையில் வாங்கினால் ஸ்டீம் தள்ளுபடி உங்களுக்கு இல்லை. இரண்டும் ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும் ஒரே கேம்தான், ஆனால் லைசென்ஸ் வேறு வேறு. ஒரு சர்வீஸ் அக்கவுன்ட்டில் (லைசென்ஸும் கதாபாத்திரங்களும் சேரும் கேம் கணக்கு) இரண்டும் ஒட்டாது. பிறகு கடை மாற ஆசைப்பட்டால் புது சர்வீஸ் அக்கவுன்ட், புதுக் கதாபாத்திரம், மறுபடி லெவல் 1.

டான்ட்ரெய்ல் என்ற விரிவாக்கத்தைத் தனியாக வாங்கினால் அதற்கு முந்தைய ஷேடோபிரிங்கர்ஸ், எண்ட்வாக்கர் இரண்டும் அதற்குள்ளேயே வரும். அவற்றைத் தனித்தனியாகத் தேடிப்போய் வாங்க வேண்டாம். ஸ்டார்ட்டரும் டான்ட்ரெய்லும் சேர்ந்ததுதான் கம்ப்ளீட்.

அதே கேமில் என்ட்ரி, ஸ்டாண்டர்டு என்று இரண்டு சந்தா. எது லாபம்?
– வாசகர், நாமக்கல்

என்ட்ரி 30 நாளுக்கு 12.99 டாலர், ஸ்டாண்டர்டு 14.99 டாலர். என்ட்ரியில் ஒரு வேர்ல்டுக்கு (அதாவது சர்வருக்கு) ஒரு கதாபாத்திரம், மொத்தம் 8. ஸ்டாண்டர்டில் வேர்ல்டுக்கு 8, மொத்தம் 40. இந்த கேமில் ஒரே கதாபாத்திரம் எல்லா வேலைகளையும் கற்றுக்கொள்ளும். வாளைக் கீழே வைத்துவிட்டு மந்திரக்கோலை எடுத்தால் ஆளே மாறிவிடுவான். பிறகு 40 எதற்கு?

ஸ்டாண்டர்டில் 180 நாளுக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் 12.99 ஆகிறது. என்ட்ரியின் மாத விலையும் அதேதான். ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கொடுத்து வாங்கும் தள்ளுபடி, என்ட்ரிக்காரருக்கு முதல் மாதமே கிடைத்துவிடுகிறது. எனவே என்ட்ரி.

முதல் மாதம் டெபிட் கார்டில் ஓடிபி போட்டுக் கட்டினேன், ஒழுங்காகப் போனது. இரண்டாவது மாதம் ‘பேமென்ட் ஃபெயில்டு’. கணக்கில் பணம் இருக்கிறது. வங்கியில் கேட்டால் கேம் கம்பெனியைக் கேள் என்கிறார்கள், கம்பெனி வங்கியைக் கேள் என்கிறது.
– வாசகர், திருச்சி

இருவரும் பொய் சொல்லவில்லை. முதல் முறை கட்டியது நீங்கள், ஓடிபி போட்டு. இரண்டாவது முறை பணத்தை எடுக்க வந்தது கம்பெனி, ஓடிபி இல்லாமல். இப்படித் தானாக எடுக்க வேண்டுமானால் அதற்கென ஒரு இ-மேண்டேட் (தானாக எடுக்க நீங்கள் தரும் முன் அனுமதி) வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி விதி. 2021 அக்டோபர் 1 முதல் இது கண்டிப்பாக அமலில் இருக்கிறது, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் சேர்த்து. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பதும் அதே விதிதான். பல வெளிநாட்டு கேம் கம்பெனிகளின் பேமென்ட் அமைப்பு இந்த மேண்டேட் ஏற்பாட்டோடு இணைக்கப்படவில்லை. மேண்டேட் இல்லாமல் வரும் கோரிக்கையை வங்கி திருப்பி அனுப்பிவிடுகிறது.

வழி இருக்கிறது. முதல் நாள் பணம் கட்டி முடித்த கையோடு கணக்குப் பக்கத்துக்குப் போய்ச் சந்தாவை ‘கேன்சல்’ செய்துவிடுங்கள். பயப்பட வேண்டாம். வார்கிராஃப்ட் ஆகட்டும், ஃபைனல் ஃபேன்டஸி ஆகட்டும், கட்டிய காலம் முடியும் வரை ஆடலாம், அடுத்த புதுப்பித்தல்தான் நிற்கும். காலம் தீர்ந்ததும் மறுபடி நீங்களே போய் ஓடிபி போட்டுக் கட்டுங்கள். மாதம் ஐந்து நிமிட வேலை. மறந்தால் பணம் போகாது, ஆட்டம்தான் நிற்கும். மறதிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

வார்கிராஃப்ட் கம்பெனியின் பேட்டில்.நெட் கணக்கில் பேலன்ஸ் ஏற்றி வைத்தும் வார்கிராஃப்ட் சந்தா கட்டலாம். இந்திய ஸ்டீம் கணக்கானால் வாலட்டில் யுபிஐ மூலமே பணம் போடலாம்.

முதல் முறையே கார்டு மறுக்கப்படுகிறது என்று எழுதிய நான்கு பேருக்கும் இதே இடத்தில் பதில்: வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குப் போய் ‘இன்டர்நேஷனல்’, ‘ஆன்லைன்’ இரண்டு சுவிட்சும் போட்டிருக்கிறதா பாருங்கள். 2020-க்குப் பிறகு கொடுக்கப்பட்ட கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்த நிலையில்தான் வரும். அங்கேயே செலவு வரம்பையும் 2,000 ரூபாய் அளவில் வைத்துவிட்டால், கார்டு எண் வெளியே கசிந்தாலும் இழப்பு அதோடு நிற்கும். கேம் கணக்கில் கொடுத்த நாடும் கார்டின் நாடும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்கா என்று போட்டுவிட்டு இந்திய கார்டை நீட்டினால் பல கடைகள் வாங்காது.

14.99 டாலர் என்றால் கையிலிருந்து போவது எத்தனை ரூபாய்?
– வாசகி, வேலூர்

டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,349 ரூபாய். கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் 47 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, எட்டரை ரூபாய். ஆக சுமார் 1,405 ரூபாய். கட்டணம் 2 சதவீதமாக உள்ள கார்டானால் 1,381.

இது தவிர, வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சில கடைகள் அதைக் காட்டிய விலைக்குள்ளேயே அடக்கிவிடும், சில கடைசிப் பக்கத்தில் கூட்டும். ‘பே’ பொத்தானுக்கு மேலே உள்ள கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். விலை ரூபாயில் இருந்தாலும் கடை வெளிநாட்டில் பதிவானது என்றால் சில கார்டுகள் அதற்கும் ஒரு கட்டணம் பிடிக்கின்றன.

வார்கிராஃப்ட்டிலும் இத்தனை பெட்டிச் சிக்கல் உண்டா?
– வாசகர், மதுரை

குறைவு. லெவல் 20 வரை இலவசம். சந்தா கட்டினால் பழைய விரிவாக்கங்கள் அனைத்தும் திறந்துவிடும், கேமின் பழைய வடிவமான கிளாசிக்கும் அதே சந்தாவில் அடங்கும். ஆகப் புதிய விரிவாக்கம் மட்டும் தனி விலை. இங்கே கவனிக்க வேண்டியது பிராந்தியம். சிட்னியில் உள்ள ஓசியானிக் சர்வர்கள் அமெரிக்கப் பிராந்தியத்தைச் சேர்ந்தவை. அங்கே வாங்கிய விரிவாக்கமும் ஆட்ட நேரமும் ஐரோப்பிய சர்வரில் செல்லாது. நண்பர் எந்தப் பக்கம் ஆடுகிறார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேமுக்குள் சம்பாதித்த தங்கத்திலேயே சந்தா கட்டலாம் என்கிறானே தம்பி, நிஜமா?
– வாசகர், தூத்துக்குடி

நிஜம். 2015-இல் வந்த ‘வாவ் டோக்கன்’ அதற்குத்தான். ஒருவர் 20 டாலருக்கு டோக்கன் வாங்கி கேமுக்குள் உள்ள ஆக்‌ஷன் ஹவுஸ் என்ற ஏலச் சந்தையில் வைக்கிறார், இன்னொருவர் தங்கம் கொடுத்து அதை எடுத்து 30 நாள் ஆட்ட நேரமாக மாற்றிக்கொள்கிறார். தங்க விலையை நிர்ணயிப்பது கம்பெனி, விற்பவர் அல்ல. மாதச் சந்தா 15 டாலர், டோக்கன் 20 டாலர். உங்கள் தம்பி இலவசமாக ஆடும் ஒவ்வொரு மாதத்துக்கும் யாரோ ஒருவர் 5 டாலர் கூடுதலாகக் கட்டுகிறார். கம்பெனிக்கு ஏன் கசக்கப் போகிறது?

வேறு கேம்களிலும் இதே ஏற்பாடு உண்டு. ஈவ் ஆன்லைனில் பிளெக்ஸ் என்ற டோக்கன் 500-க்கு 30 நாள் ஒமேகா, அதாவது சந்தா. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் பாண்டு என்ற டோக்கன் ஒன்றுக்கு 14 நாள் உறுப்பினர் காலம். எதுவானாலும் புதிதாகச் சேர்ந்தவரால் மாதா மாதம் அவ்வளவு தங்கம் சேர்க்க முடியாது, முதல் சில மாதம் காசுதான். அவசரப்பட்டு வெளி ஆட்களிடம் தங்கம் வாங்கினால் கணக்கே முடக்கப்படும்.

மகன் என் போனில் ஒரு கேமுக்கு மாதச் சந்தா போட்டிருக்கிறான். கேமை அழித்துவிட்டேன். அப்புறமும் இரண்டு மாதம் பணம் போய்விட்டது. கூகுள் பேயில் பின் நம்பர் கேட்கவே இல்லை.
– இல்லத்தரசி, ஈரோடு

பின் கேட்டிருக்கும் அம்மா, முதல் தடவை. யுபிஐ ஆட்டோபேயில் தொடக்கத்தில் ஒரு முறை பின் போட்டால் போதும், அதன்பின் 15,000 ரூபாய் வரையான தவணைகளுக்குக் கேட்காது. ஆப்பை அழிப்பதற்கும் சந்தாவை நிறுத்துவதற்கும் சம்பந்தமே இல்லை.

பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொடுங்கள். ‘பேமென்ட்ஸ் அண்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’. கேமின் பெயரைத் தொட்டு ‘கேன்சல்’. பட்டியல் காலியாக இருந்தால் அதே போனில் மகனின் ஜிமெயிலும் இருக்கிறதா பாருங்கள். சந்தா எந்த ஜிமெயிலில் போடப்பட்டதோ அதில்தான் தெரியும், படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் அந்த மேண்டேட்டையும் ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

பணம் போய் 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே ரீஃபண்ட் கேட்கலாம். தாண்டிவிட்டால் கேம் கம்பெனிக்கு எழுதுங்கள். எடுத்த எடுப்பில் வங்கியில் ‘சார்ஜ்பேக்’ (கட்டிய பணத்தைத் திரும்பப் பிடித்துத் தரக் கேட்கும் புகார்) போடாதீர்கள். பணம் ஒருவேளை திரும்பலாம், ஆனால் அந்தக் கணக்கைக் கம்பெனி முடக்கிவிடும், மகன் வாங்கிய மற்றவையும் சேர்ந்து போகும்.

ஆறு மாதம் வேலை விஷயமாக ஆட முடியாது. கதாபாத்திரம் அழிந்துவிடுமா?
– வாசகர், ஓசூர்

அழியாது. ஆனால் ஃபைனல் ஃபேன்டஸியில் சொந்த வீடு வைத்திருந்தால் 45 நாள் நீங்கள் உள்ளே போகாவிட்டால் இடித்துவிடுவார்கள். சும்மா லாகின் செய்தால் போதாது, வீட்டுக்குள் நுழைய வேண்டும். கூடுதல் ரிட்டெய்னர் (கேமுக்குள் பொருட்களை வைத்துக்கொள்ளும் பணியாள்) வைத்திருந்தால் ஆளுக்கு மாதம் 2 டாலர். ஆறு மாதம் கழித்து சந்தாவைப் புதுப்பிக்கும் முன் அது தேவையா என்று பாருங்கள்.

பிஎஸ் 5-இல் ஆட சோனியின் பிஎஸ் பிளஸ் சந்தாவும் கட்ட வேண்டுமா?
– வாசகர், சென்னை

ஃபைனல் ஃபேன்டஸி 14-க்கு வேண்டாம். ஆனால் பிஎஸ் 5 லைசென்ஸும் கம்ப்யூட்டர் லைசென்ஸும் தனித்தனி. இரண்டிலும் ஆட வேண்டுமானால் பெட்டியை இரண்டு முறை வாங்க வேண்டும். கதாபாத்திரமும் சந்தாவும் ஒன்றே.

விபிஎன் போட்டு (இருக்கும் நாட்டை மறைத்து) வேறு நாட்டு ஸ்டீமில் மலிவாக வாங்கலாமா?
– பெயர் வேண்டாம்

கூடாது. அது ஸ்டீம் ஒப்பந்தத்துக்கு விரோதம், கணக்கு முடங்கலாம். நாட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும், அதற்கும் அந்த நாட்டுக் கார்டு தேவை. வாங்கிவிட்டு மனம் மாறினால் ஸ்டீமிலேயே வழி உண்டு: கேமுக்கு 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட். ஸ்டீமிலேயே போட்ட சந்தாவுக்கு 48 மணி நேரம், அந்தத் தவணையைத் தொடாமல் இருந்தால்.

ஆன்லைன் கேமையே அரசு தடை செய்துவிட்டது, சந்தா கட்டினால் கேஸ் வரும் என்கிறார் மாமா.
– பிளஸ் டூ மாணவர், தென்காசி

2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் தடுப்பது பணம் வைத்து, பணம் ஜெயிக்கும் நம்பிக்கையில் ஆடும் கேம்களை. பந்தயப் பணமாக இல்லாத சந்தாவையும் நுழைவுக் கட்டணத்தையும் அதே சட்டம் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று வந்த விதியும் பணம் வைத்து ஆடும் கேம்களுக்கானதுதான். மாமாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இரவு ஒரு மணிக்கு ஆடுவதைப் பற்றி அவர் என்ன சொல்கிறாரோ, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.