குண்டுக் காயம் படிக்க விரும்பும் மகள்

அன்புள்ள ஐயா,

என் மகள் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. டாக்டராகி, துப்பாக்கிக் காயங்களை ஆராயும் பிரேதப் பரிசோதனை நிபுணராகப் போகிறேன் என்கிறாள். சிங்கப்பூரில் துப்பாக்கி ஏது? பிணத்தோடு இருக்கவா இவ்வளவு படிப்பு என்று வீட்டில் தினமும் சண்டை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கலைவாணி, ஈசூன்

அன்புள்ள கலைவாணி,

படிக்கட்டும்.

குண்டுக் காயத்துக்கென்று இங்கே தனிப் பட்டம் இல்லை. மருத்துவம் ஐந்தாண்டு, ஹவுஸ்மேன் என்ற மருத்துவமனைப் பயிற்சி ஓராண்டு, அப்புறம் நோயியல் (பேத்தாலஜி) பயிற்சி. 1973 ஆயுதக் குற்றச் சட்டப்படி, காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலே மரண தண்டனை. அதனால் இங்கே துப்பாக்கிச் சூடு அபூர்வம்; 2006-ல் செராங்கூனில் ஒருவர் வீட்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டதை ஊரே பேசியது. குண்டுக் காயங்களை நிறையப் பார்த்துப் பழக அவள் வெளிநாடு போகத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள். துப்பாக்கி வாயை மண்டையில் அழுத்திச் சுட்டால், உள்ளே புகும் வாயு தோலை நட்சத்திரம் போலக் கிழிக்கும். சற்றுத் தள்ளிச் சுட்டால் கரி படியும்; அது துடைத்தால் போய்விடும். வெடிமருந்துத் துகள்கள் தோலில் குத்தி உண்டாக்கும் சிவப்புப் புள்ளிகள் கழுவினாலும் போகாது. தொலைவிலிருந்து சுட்டால் ஓரம் சிராய்த்த சின்ன ஓட்டை மட்டும்தான். குண்டை இரும்பு இடுக்கியால் எடுக்க மாட்டார்கள். கீறல் விழுந்தால், எந்தத் துப்பாக்கி என்று காட்டும் தடம் கெட்டுவிடும்.

சட்டையையும் விடக்கூடாது. ஒரு பையன் சுடப்பட்டு இறந்த புளோரிடா வழக்கு ஒன்றில், 2013-ல் வின்சென்ட் டி மாயோ என்ற நிபுணர் சாட்சி சொன்னார்: துப்பாக்கி வாய் சட்டையைத் தொட்டிருந்தது, ஆனால் தோல் இரண்டு முதல் நான்கு அங்குலம் தள்ளி இருந்தது. இறந்த பையன் சுட்டவரின் மேல் குனிந்திருந்தால் சட்டை அப்படித்தான் தொங்கும் என்றார். அந்த இடைவெளியை வைத்து, யார் மேலே இருந்தார் என்று நீதிமன்றத்தில் வாதம் நடந்தது.

பிணம் என்று சொல்லாதீர்கள், அம்மா. கட்டுமானத்தில் மேலிருந்து விழுந்த நம் தமிழ்த் தொழிலாளியும் அதே மேசைக்குத்தான் வருவார். எப்படி இறந்தார் என்று ஊரிலிருக்கும் அவர் மனைவிக்கு யாராவது சரியாகச் சொல்ல வேண்டாமா? அதற்கும் இதே கண்தான் வேண்டும்.

துப்பாக்கியைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டாம். ஒரு குழந்தையின் உடல் வந்தால் உன்னால் திறக்க முடியுமா என்று கேளுங்கள். சண்டை நடுவில் வேண்டாம். இருவரும் சேர்ந்து காய் நறுக்கும் ஒரு மாலையில் கேளுங்கள். அவள் யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.