குழந்தைகளின் அட்ரீனல் சுரப்பியில் (சிறுநீரகத்தின் மேல் உள்ள ஹார்மோன் சுரப்பி) வரும் அரிய கட்டிகளை எப்படி அறிவது? ஸ்கேன் எடுத்தாலே தெரிந்துவிடுமா?

ஸ்கேன் எடுத்தால் கட்டி தெரியும். ஆனால் எடுக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே! அங்கேதான் மாதக்கணக்கில் காலம் போகிறது. குழந்தைகளின் ஸ்கேன்களைப் பார்க்கும் கதிரியக்க மருத்துவராக எனக்கு இதில் ஆதங்கம் உண்டு.

குழந்தைகளின் அட்ரீனலில் கட்டி என்றால் பெரும்பாலும் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றுநோய்தான். அரியவை, சுரப்பியின் வெளிப்பகுதியான புறணியில் தோன்றும் கட்டியும் உட்பகுதியில் தோன்றும் ஃபியோகுரோமோசைட்டோமாவும்.

புறணிக் கட்டி ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதிலும் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வருகிறது. அது ஹார்மோனைச் சுரப்பதால் உடலே முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று வயதில் பிறப்புறுப்பைச் சுற்றி முடி, முகப்பரு, கனத்த குரல், மளமளவென்று கூடும் உயரம். இவற்றை "சீக்கிரமே வளர்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். ஆண் குழந்தையானால் விதைகளைக் கவனிக்க வேண்டும். மூளையின் தூண்டுதலால் வரும் பருவ மாற்றத்தில் விதைகள்தான் முதலில் பெரிதாகும். ஆணுறுப்பு மட்டும் வளர்ந்து விதைகள் சிறியதாகவே இருந்தால், ஹார்மோன் வேறெங்கிருந்தோ வருகிறது என்று பொருள். பிறவியிலேயே வரும் அட்ரீனல் கோளாறிலும் இப்படி நேரலாம். இரத்தப் பரிசோதனை அதைப் பிரித்துக்காட்டும்.

கட்டி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரந்தால் முகம் உப்பி எடை ஏறும், உயரம் மட்டும் நின்றுவிடும். சாதாரணமாகப் பருமனான குழந்தை உயரத்திலும் வளரும். எடையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஃபியோகுரோமோசைட்டோமாவுக்குத் தலைவலி, வியர்வை, படபடப்புடன் உயர் இரத்த அழுத்தம். பெரியவர்களைப்போல் விட்டுவிட்டு வராமல், குழந்தைகளிடம் அது பெரும்பாலும் நிலையாகவே உயர்ந்திருக்கும். அளந்து பார்த்தால் அகப்படும். பிறகு இரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் (அட்ரீனலின் சிதைந்து உண்டாகும் பொருள்) பரிசோதனை.

படம் என்று வந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் வேண்டாம். கட்டியைக் கண்டதும் அளவெடுத்து முடித்துவிடக் கூடாது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில், உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் கீழ்ப்பெருஞ்சிரையைப் பார்த்தே ஆக வேண்டும். வலப்பக்க அட்ரீனல் சிரை நேராக அதில்தான் சேர்கிறது. புறணிக் கட்டி அந்த வழியே நுழைந்து இதயத்தின் வலது அறை வரைகூட நீளக்கூடும். நியூரோபிளாஸ்டோமாவின் சுபாவம் வேறு: அது பெரிய தமனிகளைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். சுண்ணாம்புப் படிவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, இரண்டிலும் அது உண்டு.

அடுத்து வயிற்றுக்கு எம்ஆர்ஐ, நுரையீரலுக்கு சிடி. பெரியவர்களின் அட்ரீனல் கட்டிகளைச் சாதுவானவை என்று பிரிக்க உதவும், சிடியில் அடர்த்தியைக் குறிக்கும் 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலைக் குழந்தைகளிடம் நம்ப வேண்டாம்.

அவசரப்பட்டு ஊசி குத்திச் சதை எடுக்கவும் கூடாது. புறணிக் கட்டியின் உறை கிழிந்தால் செல்கள் வயிற்றுக்குள் சிதறும். ஃபியோகுரோமோசைட்டோமாவில் இரத்த அழுத்தம் தாறுமாறாக எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

புறணிக் கட்டி உறுதியானால் புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணுவுக்கான பரிசோதனையை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அந்த மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் பரவலாக இருப்பதால்தான் தெற்கு பிரேசிலில் இக்கட்டி மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். குழந்தையிடம் மாற்றம் இருந்தால் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் பரிசோதிக்க வேண்டும்.