ஏழு மணிக்கு வாணவேடிக்கை, அதற்கு முன் முழுப் பன்றி

கேள்வி: அக்கா, இங்கிலாந்தின் லீட்ஸில் சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறேன். நவம்பர் 5 அன்று ஒரு நிறுவனம் ஊழியர்களுக்காக வாணவேடிக்கை வைக்கிறது. திறந்த மைதானம், 150 பேர். முழுப் பன்றியை அங்கேயே சுட்டுப் பரிமாறச் சொல்கிறார்கள். கேஸ் ரோஸ்டர் வாடகைக்கு எடுக்கிறேன். வாணவேடிக்கை மாலை ஏழு மணிக்கு. வேலையை எப்படித் திட்டமிடுவது?

பதில்: தம்பி, ஏழு மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். முதல் வாணம் மேலே போனதும் வரிசையில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். கடைசி வாணம் முடிந்ததும் 150 பேரும் குளிரில் நடுங்கியபடி ஒன்றாக வந்து நிற்பார்கள். அதனால் ஐந்தே முக்காலுக்கே சாப்பாடு என்று அழைப்பிதழில் போடச் சொல்லி இப்போதே பேசிவிடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

50, 60 கிலோ பன்றி வேக ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். ஐந்து மணிக்கு அடுப்பை அணைத்து, அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். உடனே கத்தி வைத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். ஆக, காலை எட்டரைக்கு ரோஸ்டர் எரிந்தாக வேண்டும். தோல் பொன்னிறமானதை நம்பாதீர்கள். தொடையிலும் தோளிலும் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 75 டிகிரி காட்ட வேண்டும். வெட்டிய இறைச்சி பரிமாறி முடியும்வரை 63 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, அது சட்டம். நவம்பர் காற்றில் திறந்த தட்டு நிமிடங்களில் ஆறிவிடும். எனவே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள், மீதி ரோஸ்டரிலேயே மூடியின் கீழ் இருக்கட்டும்.

வந்தவர்கள் முதலில் கேட்பது கிராக்லிங்தான், அதாவது மொறுமொறுவென்று பொரிந்த பன்றித் தோல். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, இறைச்சியில் இறங்காதபடி தோலை மட்டும் கீறி, கல்லுப்பை அந்தக் கீறல்களுக்குள் தேய்த்துவிடுங்கள். கடைசி அரை மணி நேரம் தீயைக் கூட்டினால் தோல் குமிழ் குமிழாகப் பொரிந்து எழும்பும். விரல் நகத்தால் தட்டினால் ஓடு போலச் சத்தம் கேட்க வேண்டும். அதை முழுசாக உரித்துத் தனித் தட்டில் திறந்தே வையுங்கள். அலுமினியத் தாளால் மூடினால் ஆவி பட்டு நமத்துவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது.

அன்று ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வெட்டும் பலகைக்கு நேர் மேலே நல்ல விளக்கு வேண்டும். மழை வந்தாலும் ரோஸ்டரை நாற்புறமும் மூடிய கூடாரத்துக்குள் தள்ளாதீர்கள், கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. வாணம் விடும் குழுவிடம் கேட்டு, பொறி வந்து விழாத பக்கமாக இடம் பிடியுங்கள். கேஸ் சிலிண்டர் கூட இருக்கிறதல்லவா!

இனி, பன்றி சாப்பிடாதவர்கள். எத்தனை பேர் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அவர்களை அதே வரிசையில், முழுப் பன்றிக்கு எதிரே நிறுத்திவிட்டுக் கடைசியில் வெறும் பன்னும் கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட்டும் கொடுப்பது எனக்குப் பொறுக்காது. தனி மேசை, தனி இடுக்கி, தனி ஆள். இளம் பலாக்காயை மிளகும் புகைமிளகாய்த் தூளும் போட்டு நாராகப் பிரியும்வரை வேகவைத்து, அதே பன்னில் கொடுங்கள், அதுவும் சூடாக. சேஜ் மூலிகையும் வெங்காயமும் ரொட்டித்தூளும் சேர்ந்த ஸ்டஃபிங்கைப் பன்றிக் கொழுப்பு சேர்க்காமல் தனியாகச் செய்து, ஆப்பிள் சாஸையும் இரண்டு கிண்ணங்களில் பிரித்து வையுங்கள். பன்னிலும் ஸ்டஃபிங்கிலும் கோதுமை இருக்கும், சாஸ் புட்டியில் கடுகோ, கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டோ இருக்கலாம். சட்டம் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் எது எதில் இருக்கிறது என்று எழுதி, இரண்டு மேசையிலும் விளக்கு வெளிச்சம் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.