குமரி மாவட்டத்தில் ஆளைப் பார்த்தாலே ‘மக்கா’ என்கிறார்களே, அதற்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது?

நேர்ப்பொருள் ‘பிள்ளையே’ என்பதுதான். ‘மக்கு’ என்ற வசவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வெளியூரிலிருந்து வருபவர்கள் முதலில் முகம் சுளிப்பது அந்தக் குழப்பத்தால்தான்.

மக என்றால் குழந்தை. மகவு, மகப்பேறு எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை, பன்மை, மக்கள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் பொதுமக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் திருக்குறளின் 7ஆம் அதிகாரத்தை மக்கட்பேறு என்கிறோமே, அங்கே மக்கள் என்பது பெற்ற பிள்ளைகள். இந்த மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டில் பழைய சொத்துப் பேச்சிலும் அதே பொருள்தான்: பெற்ற பிள்ளைகளுக்குப் போனால் மக்கள்வழி, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனால் மருமக்கள்வழி.

கூப்பிடும்போது ‘மக்கள்’ என்பதன் கடைசிக்கு முந்தின உயிர் நீண்டு ‘மக்காள்’ ஆகும் என்பது பழைய இலக்கண விதி. அதில் ‘ள்’ தேய்ந்தால் மக்கா. இந்த மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் இது மலையாளத்திலிருந்து வந்தது என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திருவிதாங்கூருக்கு வெளியே இருந்த தூத்துக்குடியிலும் ‘மக்கா’ புழங்குகிறது. மலையாளத்திலும் மக்கள் என்றால் பிள்ளைகள்தான். இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதுதான் காரணம்.

பிறப்பால் பன்மை என்றாலும் ஒரே ஆளைத்தான் கூப்பிடுகிறோம், வினை ஒருமையில் வரும்: “பைய போ மக்கா, கேட்டியா?” ஆண், பெண் வேறுபாடு கிடையாது. கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இது ‘மக்ளே’ என்று வரும். பேத்தி அழுதால் “எனக்க மக்ளே, கரையாத” (என் பிள்ளையே, அழாதே) என்பார்கள். மீன் விற்கும் அம்மா இளவயதுக்காரரைப் பார்த்து “நல்ல சாளை, வாங்கிட்டுப் போ மக்ளே” என்பார். அங்கே பிள்ளை என்ற பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது.

ஒத்த வயதுக்காரர்களிடம் அது நண்பன் என்றாகிவிடுகிறது. “லேய் மக்கா” என்றால் நெருக்கம். “வேண்டாம் மக்கா” என்பதைத் தாழ்ந்த குரலில் இழுத்துச் சொன்னால் ஆறுதல், வெட்டிச் சொன்னால் எச்சரிக்கை. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கிடக்கும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் சண்டை வருகிறது.

‘எம்மக்கா!’ தனி வகை. என் மக்கா என்பது சேர்ந்து உருவானது, ஆனால் யாரையும் கூப்பிடுவதில்லை. “எம்மக்கா, என்னா மழ!” என்றால் வியப்பு. ‘எம்மா’, ‘எப்பா’ போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்கள் தவறுவது பெரியவர்களிடம்தான். வயதில் மூத்தவரை, அவர் உங்களை நூறு முறை மக்ளே என்று அழைத்திருந்தாலும், திருப்பி மக்கா என்று சொல்லக் கூடாது. முதியவருக்குப் பாட்டா, நடுவயதுக்காரருக்கு அண்ணாச்சி. அறிமுகமில்லாத இளைஞரிடமும் ‘தம்பி’யில் தொடங்குங்கள். அவர் முதலில் மக்கா என்றபிறகு நீங்களும் சொல்லலாம்.